வெயிலுக்குப் போன சாட்சி

பிப்ரவரி 3

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் காதுகளைத் தவிர. நீ நேற்று போனில் பேசியதை அம்மா எனக்கு எடுத்துச் சொன்னாள். அதில் பாதி அவளே சேர்த்தது என்று எனக்குச் சந்தேகம். குளிர்க் கிடங்கின் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்குப் போனும் ஒன்றுதான், ஓட்டை டப்பாவும் ஒன்றுதான். நமக்குக் கடிதமே சரி. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் கை நிற்கவில்லை பார்.

நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? கம்பெனி குவார்ட்டர்ஸில் இப்போதாவது ஒழுங்காகத் தண்ணீர் வருகிறதா?

முதலில் சிரிக்கிற செய்தி. மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். அம்மா வந்து என் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அது பரவாயில்லை. போன வாரம் லீவு நாளில் டிபன் டப்பாவோடு கிடங்கு டிப்போவுக்குப் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நின்று, ஏன் இன்னும் திறக்கவில்லை என்று வாட்ச்மேனைத் திட்டினேன். "பனிக்கரடி அண்ணே, இன்னிக்கு லீவு" என்றார். தடிமனான குளிர்க்கோட்டைப் போட்டுப் போட்டு அங்கே எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது உனக்குத் தெரியும். திட்டியதற்கு ஈடாக டிபனை அவரோடு பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சிரிக்க முடியாத செய்தி, என்னோடு கிடங்கில் வேலை செய்கிற நம்ம கொக்கு இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். இடது கையில் விரல்களை எடுத்துவிட்டார்கள். உறைகிடங்குக் கதவின் உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு. வெளியே யாராவது சாத்திவிட்டாலும் அதைத் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். அந்தக் குமிழ் உடைந்து கிடந்தது. ஆள் குறைவு என்று கொக்கைத் தனியாக உள்ளே அனுப்பியிருந்தார்கள். யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். திறந்தவன் நான். என்ன பார்த்தேன் என்பதை எழுத வேண்டாம்.

குமிழ் நன்றாகத்தான் இருந்தது, அவனே உடைத்துக்கொண்டான் என்கிறார் மேனேஜர். மழைக்காலத்துக்கு முன்பே அவருடைய அறையில் நின்று குமிழ் உடைந்த விஷயத்தைச் சொன்னவன் நான். "இந்த லோடு முடியட்டும் பார்க்கலாம்" என்றவர் அவர். அந்த அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. ஏப்ரலில் அரசாங்க விசாரணை வருகிறது. போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது செய்தியை எதில் சேர்ப்பது என்று நீயே முடிவு செய். இந்த வருஷத்துச் சிறந்த தொழிலாளி உன் அப்பாதானாம். போன வருஷத்துச் சிறந்தவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அது ஓடவில்லை. எனக்கு ஒரு தீவு. மனைவியோடு மூன்று வாரம், கடலைப் பார்த்த அறை, சாப்பாடு, படகு எல்லாம் கம்பெனி செலவு. மேடையில் மேனேஜரே கவரைக் கொடுத்துக் கை குலுக்கினார். அவர் கை என் கையைவிட ஜில்லென்று இருந்தது.

எதற்குக் கொடுக்கிறார்கள் என்று புரியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தை இல்லை. திருப்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். உன் அம்மா கவரைப் பிரித்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க எதுக்குக் குடுத்தா என்ன? நாம எதுக்குப் போறோம்னு நமக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். மறுநாளே அகலமான தொப்பி ஒன்று வாங்கிவிட்டாள். தொப்பி வாங்கிய பெண்பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் பலம் எனக்கு இல்லை. தீவுக்கும் போவோம், வந்து சாட்சியும் சொல்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா

*

பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்களுக்குக் கிடைத்த பரிசு பற்றி இங்கே எங்கள் தலைமை அலுவலகத்திலும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பெருமை. தாங்கள் நிம்மதியாகப் போய் ஓய்வெடுக்க வேண்டும். கிடங்கில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தங்கள் ஞாபகமறதி எனக்குக் கவலையளிக்கிறது. இப்படி எத்தனை காலமாக இருக்கிறது? தேதிகள், யாரிடம் என்ன பேசினோம் என்பதெல்லாம் குழம்புகிறதா? இங்கே ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார். இதுபோன்ற சம்பவங்களை விவரமாக எழுதி அனுப்பினால் அவரிடம் காட்டி ஆலோசனை கேட்கிறேன். மறக்காமல் எழுதவும்.

தங்கள் மகன்

*

மார்ச் 2

அன்புள்ள மகனுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. 'தாங்கள்', 'தங்கள்' என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் உட்கார்ந்தால் மரியாதை கூடிவிடும்போல.

என் மறதிக்கு ஒரு டாக்டர் வரை போக வேண்டுமா? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவனுக்காவது உங்க மேல அக்கறை இருக்கே" என்றாள். நீ இப்படி விசாரித்து எழுதியது இதுதான் முதல் தடவை. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று, அதுவும் நல்ல மாதிரியாக. அதனால் நீ கேட்டபடி எழுதுகிறேன். டாக்டர் சிரித்தால் பீஸைக் குறைக்கச் சொல்.

காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, இன்றைக்குக் காபி நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். தாட்சண்யம் பார்த்துச் சொன்னேனே தவிர நாக்கு செத்துவிடவில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குப் பதில் டிப்போ அடையாள அட்டையைக் காட்டினேன். உன் சித்தப்பா மகனின் கல்யாணத்தன்று பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, முன் பின் தெரியாத மாப்பிள்ளையை ஆசீர்வாதம் செய்து, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு அங்கேதான் நன்றாக இருந்ததாக அப்புறம் தெரிந்தது.

போதுமா? இன்னும் வேண்டுமென்றால் சரக்கு இருக்கிறது.

நாளைக் காலை கிளம்புகிறோம். தொப்பிக்கு என்று ஒரு தனிப் பை. தீவு முகவரியைக் கொக்கின் மனைவியிடமும் கொடுத்திருக்கிறேன்.

மருமகளை நான் கேட்டதாகச் சொல்.
அப்பா

*

மார்ச் 9
தீவிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் குறைவு. வறுபட்டு, உப்பேறி, மூக்குத்தோல் உரிந்து நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை.

இத்தனை காலமும் வெயில் என்பது எனக்கு ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ரோட்டில் பார்க்கிற தெரிந்த முகம், அவ்வளவுதான். உட்கார்ந்து பேசிப் பழகியதில்லை. இப்போது காலையில் மணலில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. ஹோட்டல்காரர் ஓடிவந்து பெரிய குடையை நட்டு வைப்பார். அவர் முதுகு திரும்பியதும் நிழலைவிட்டு நகர்ந்து உட்காருவேன். எலும்புக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்த குளிர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. முழங்காலில் இருந்தது நேற்று போயிற்று. விரல் நுனிகளில் இருப்பது மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது.

அம்மா தொப்பியோடு கடலுக்குள் இறங்கி நிற்கிறாள். முதல் நாள் கணுக்கால், இப்போது இடுப்பு. எனக்குப் பதற்றம். உறைகிடங்குக்குள் பெட்டிகள் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "இருக்கியா?" என்று குரல் கொடுப்போம், "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கரையில் நின்று "இருக்கியா?" என்று கத்துகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் சொல்கிற பதில்தான் என் காதில் விழுவதில்லை. அதனால் தொப்பியைத் தூக்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. எரிச்சலாக இருந்தால் காட்டமாட்டாள். நான் துணியோடு தண்ணீருக்குள் ஓடுவேன். இரண்டு தடவை ஓடியாயிற்று.

நேற்றுப் படகில் கொக்கின் மனைவி எழுதிய கடிதம் வந்தது. விசாரணையைத் திடீரென்று இந்த மாதம் பத்தொன்பதுக்கு மாற்றிவிட்டார்களாம். ஏப்ரலில் அவசர வேலை இருப்பதாகக் கம்பெனி கேட்டதாம். அதாவது, நான் இங்கே வறுபட்டுக்கொண்டிருக்கும்போது. "அண்ணே, நீங்க இல்லாம அவர் சொல்றதை யார் நம்புவா?" என்று எழுதியிருக்கிறாள்.

கம்பெனி என்றால் தலைமை அலுவலகம்தானே கேட்டிருக்கும். உனக்கு ஏதாவது தெரியுமா?

அப்பா

*

மார்ச் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

நீங்கள் தயவுசெய்து அங்கேயே இருங்கள். விடுமுறையை இன்னும் பத்து நாள் நீட்டித் தரத் தயாராக இருக்கிறார்கள். நடுவில் அறையைக் காலி செய்தால் ஏற்பாடு ரத்தாகிவிடும், திரும்பி வரும் படகுச் செலவும் உங்கள் பொறுப்பு என்று எழுதச் சொன்னார்கள்.

அந்த மேனேஜர் சிபாரிசில்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இந்த வீடு கம்பெனி வீடு. இதற்கு மேல் நான் என்ன எழுதுவது? கொக்கு அண்ணன் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் போகாமல் இருந்தாலும் விசாரணை நடக்கத்தானே போகிறது.

அங்கே விசாரணையில் உங்களை என்னென்னவோ கேட்பார்கள். அது உங்களுக்கு நல்லதில்லை. போகாதீர்கள் அப்பா.

மகன்

*

மார்ச் 23
தீவிலிருந்து

அன்புள்ள மகனுக்கு,

தீவில்தான் இருக்கிறேன், நீ சொன்னபடி. நடுவில் மட்டும் கொஞ்சம் போய்விட்டு வந்தேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்தேன். அறையைக் காலி செய்தால் ரத்து என்ற இடம் வந்ததும், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் கட்டிலில் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ரூமை யார் காலி பண்ணா? நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கேருந்து நகர மாட்டேன். நகர்ந்தா கடலுக்குத்தான் நகருவேன்."

"தனியா இருந்துடுவியா?" என்று கேட்டேன்.

"தனியா இருக்கறதுன்னா என்னன்னு இதுவரைக்கும் எனக்கு யாரு காட்டினா? பார்க்கிறேன்" என்றாள்.

காலைப் படகைப் பிடித்தேன். அதற்கப்புறம் ரயில். விசாரணை நடந்த கட்டடம் ரேஷன் ஆபீஸ் மாதிரி இருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், எனக்கு எதுவும் விளங்கவில்லை. விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். கையெடுத்துக் கும்பிட்டு, எனக்குக் காது மந்தம் என்று சொன்னேன். தன் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்தார். உரிந்த மூக்கும் கறுத்த முகமுமாக நான்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொக்கு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னண்ணே, கருகிட்டீங்க" என்றான். அவன் சிரித்தது எனக்குப் போதும்.

நடந்ததைச் சொன்னேன். மழைக்கு முன்பு சொன்னதையும், லோடு முடியட்டும் என்று அவர் சொன்னதையும், அவர் அப்போது பல் குத்திக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் படித்தார். நல்ல கணீர்க் குரல், எனக்கே ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது. மூக்குக் கண்ணாடி, வாட்ச்மேன், உப்புக் காபி, தெரியாத மாப்பிள்ளை எல்லாம் வந்தது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் ரொம்பவே சிரித்தார். பந்தியில் உட்கார்ந்த இடத்தில் அதிகாரி அம்மாள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார் வக்கீல்.

"என்னுதுதாங்க. நல்லா படிச்சீங்க" என்றேன்.

"தன் மூக்குமேல இருக்கிறதே தெரியாத மனுஷனுக்கு, யார் எந்த மாசம் என்ன சொன்னாங்கன்னு மட்டும் எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

அதிகாரி அம்மாளும் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் அந்த அம்மாளிடமே சொன்னேன்.

"அம்மா, கண்ணாடியை மறந்தா நான் தேடுவேன். கதவை மறந்தா உள்ளே இருக்கிறவன் சாவான். அங்க வேலை செய்யற எவனும் வீட்டுச் சாவியை மறப்பான், சம்சாரம் வாங்கிட்டு வரச் சொன்னதை மறப்பான். கதவை மறக்க மாட்டான். வேணும்னா கொக்குக்காக வந்து வெளிய நிக்கிற டிப்போ லோடுக்காரங்கள்ல யாரையாச்சும் கூப்பிட்டு, கடைசியா எப்ப அந்தக் குமிழ் வேலை செஞ்சதுன்னு கேளுங்க. அப்புறம், அது நான் வீட்டுக்கு எழுதின லெட்டர். வீட்டுக்கு எழுதறவன் சாட்சியா சொல்லுவான்? தூரத்துல இருக்கிற புள்ளை சிரிக்கட்டும்னு எழுதுவான்."

அம்மாள் வாசலில் நின்ற நாலு பேரை உள்ளே கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேட்டார். ஒவ்வொருவனும் வேலைக்குப் பயந்துகொண்டே சொன்னான், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மேனேஜரிடம் போய், இன்னும் லீவு பாக்கி இருப்பதால் திரும்பப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மரியாதைக்குச் சொல்ல வேண்டுமே. நான் படகேறிவிட்டேன்.

இங்கே உன் அம்மா ஒரு ராஜ்ஜியமே நடத்தியிருக்கிறாள். தினமும் ஹோட்டல்காரர் வந்து ஐயா எங்கே, எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "அவர் கடல்ல இருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் பயந்துபோய், கரைக் காவல்காரரைத் தொலைநோக்கியோடு உட்காரவைத்துவிட்டார். நான் படகிலிருந்து பெட்டியோடு இறங்கியதைப் பார்த்ததும் அந்தக் காவல்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா இப்போது கழுத்தளவு தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காகிதங்கள் எப்படி அங்கே வந்தன என்று நான் அங்கே யாரையும் கேட்கவில்லை.

உங்கள் இருவர் நலத்துக்கும் எழுது.
அப்பா

*

ஏப்ரல் 14

அன்புள்ள மகனுக்கு,

ஊருக்கு வந்துவிட்டோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தீவுத் தபால் தாமதமாகியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வேலை போய்விட்டது. காரணத்தைக் கேட்டால் நீயே சிரிப்பாய். கம்பெனி அளித்த விடுமுறையின் இடையில் அனுமதி பெறாமல் விடுமுறையிலிருந்து வெளியேறிய குற்றம். லீவுக்கு லீவு போட்டதற்காக வேலையிழந்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும். தொழிற்சங்கத்து வக்கீல் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, கண்ணாடி போட்டு மாட்ட வேண்டியது என்கிறார். வழக்குப் போடுகிறோம்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? கடைத்தெரு பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிற வேலை. பெரிய இரும்புத் தட்டுகளை உள்ளே தள்ளி வெளியே இழுக்க வேண்டும். முதலாளி, சூடு தாங்குவீர்களா என்று கவலையோடு கேட்டார். எனக்கு வர வேண்டிய சூடு ஏகப்பட்ட பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்.

உன் வேலை எப்படி இருக்கிறது? என்னால் உனக்கு இடைஞ்சல் வந்திருந்தால் அதையும் எழுது. வந்திருந்தாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இருந்தாலும் தெரிய வேண்டும்.

அப்பா

*

மே 20

மகனே,

இருக்கியா?

நாங்கள் இருக்கிறோம். விசாரணை முடிவு வந்துவிட்டது. குமிழ் உடைந்திருந்தது, மேனேஜருக்குத் தெரிந்திருந்தது என்று எழுத்தில் வந்திருக்கிறது. எல்லா டிப்போவிலும் கதவுகளை மாற்ற வேண்டும், கொக்குக்கு நஷ்டஈடும் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் தர வேண்டும் என்று உத்தரவு. கொக்கு நம்ம வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா அவனுக்குத் தீவில் பொறுக்கிய சிப்பிகளைக் காட்டி உயிரை வாங்கினாள்.

நீ போனும் எடுப்பதில்லை என்கிறாள். ஒரு வரி போதும்.

அப்பா

*

ஜூன் 8

அப்பா,

இருக்கிறேன். நீங்கள் அப்படிக் கேட்ட பிறகும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதங்களை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். உங்களுக்கு இது தெரியாது. என் அப்பா எழுதுவதைக் கேளுங்கள் என்று பெருமையாகப் படிப்பேன். அடுத்த கடிதம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். கண்ணாடிக் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். அந்தச் செய்தி மேலதிகாரிகள் காதுக்குப் போய்விட்டது. பெரிய அதிகாரி கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் கேட்டார். கொடுத்தேன். இன்னும் வேண்டும், மறதியைப் பற்றி விசாரித்து எழுது என்றார். எழுதினேன். டாக்டர் யாரும் கிடையாது. 'தங்கள்' என்று எழுதச் சொன்னது அவர் இல்லை. அன்றைக்கு எனக்கு 'உங்கள்' என்று எழுதக் கை வரவில்லை.

என் வேலைக்கு ஆபத்தில்லை. சம்பளத்தைக்கூட உயர்த்தியிருக்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

மன்னியுங்கள் என்று எழுதி இரண்டு தடவை கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வேலை வழக்கு நடக்கப் போகிறது. மறந்தேன், குழம்பினேன் என்று இனிமேல் எனக்கு எதுவும் எழுதாதீர்கள். நான் கொடுக்க மாட்டேன், ஆனாலும் எழுதாதீர்கள். நலம் என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

மகன்

*

ஜூன் 15

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ இருப்பது தெரிந்ததில் இங்கே இருவருக்கும் சாப்பாடு இறங்கியது. அம்மா உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். அவளுடைய கோபத்தில் நான் தலையிடுவதில்லை, நீயே வந்து பேசிக்கொள்.

நீ செய்தது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறையில் நான் உனக்கு எழுதியதை இன்னொருத்தன் குரலில் கேட்டபோது, தீவில் உட்கார்ந்து வாங்கிய சூடெல்லாம் ஒரே நிமிஷத்தில் இறங்கிப்போயிற்று. மேனேஜர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. முதலில் நீ சிரித்திருப்பாயே, அதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்களே என்றுதான் இருந்தது. இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன். இனி சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ கேட்டுக்கொண்டதற்கு என் பதில், முடியாது.

நலம் என்று மட்டும் எழுத நான் என்ன தந்தி ஆபீஸா? பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தை வக்கீலுக்குப் பயந்து எழுதினால், அப்புறம் அவர்கள் என் வேலையோடு இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? அவர்கள் எடுத்தது போதும். ஆகவே கேள்.

பேக்கரிக்குப் போன முதல் நாள், கை போன போக்கில் பழைய குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அடுப்புக்கு முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது. கழற்றினால் மானம் போகும் என்று மத்தியானம் வரை கழற்றவில்லை. முதுகு வலிக்கு நான் ஏதோ வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி நினைத்துவிட்டார். அவருடைய மச்சானுக்கும் முதுகு வலி, இப்போது அவரும் அந்த மாதிரிக் கோட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.

இதைவிட மேலானது ஒன்று. வழக்கு விஷயமாகச் சங்கத்து வக்கீலைப் பார்க்கப் போனேன். மாடியில் வரிசையாகக் கதவுகள். ஒன்றைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்டவர் வந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, குமிழ், தீவு, லீவுக்கு லீவு எதையும் விடவில்லை. பொறுமையான மனுஷர், முழுசாகக் கேட்டார். கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார். வழக்குக்கு எதற்குப் பல் என்று தோன்றினாலும், சட்டத்தில் ஏதாவது இருக்கும் என்று திறந்து காட்டினேன். பின்னால் ஒரு கடைவாய்ப் பல் நிற்காது என்றார். வழக்கு நிற்குமா என்று கேட்டேன். அதற்குப் பக்கத்துக் கதவைத் தட்டச் சொன்னார். பல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் பக்கத்துக் கதவைத் தட்டினேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நான் சொன்னது சங்கத்து வக்கீலுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார், அது எனக்குக் கேட்கவில்லை. இப்படி ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியபடி ரொம்ப நேரம் பேசினோம். வழக்கு நல்லபடியாகத்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இதை எடுத்துக்கொண்டு போ. பக்கத்தில் யாரும் உட்காராவிட்டால் எழுந்து நின்று படி, கடைசி மேசைக்கும் கேட்கிற மாதிரி. பயமாக இருந்தால் இருக்கட்டும், விசாரணையில் அந்த லோடுக்காரர்களும் பயந்துகொண்டுதான் சொன்னார்கள். பெரிய அதிகாரிக்கோ வக்கீலுக்கோ நகல் வேண்டுமென்றால் தாராளமாகக் கொடு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று மட்டும் எனக்கு எழுது.

ஒரு பல் குறைந்த நலத்துடன்,
உன் அப்பா